தொடாமலும் கேட்பவர்

அவரோடு நான் சண்டை போடாத வாரம் ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. திகாம் பத்து சாலையோரம் காரை நிறுத்திவிட்டுச் சண்டை போட்டிருக்கிறோம். கிளினிக் வாசலில் போட்டிருக்கிறோம். ஒருமுறை மாரியம்மன் கோயில் மடப்பள்ளியில், பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருந்தும் நீ பார்த்த வேலைகளில் எது பிடித்தது என்று யாராவது கேட்டால், சுங்கை பட்டாணியில் பாதி வயதைத் தின்ற தொழிற்சாலை வேலையை நான் சொல்ல மாட்டேன். அவரோடு தோட்டம் தோட்டமாகச் சுற்றிய திருவிழாக் காலத்தைத்தான் சொல்வேன். நினைத்தால் இப்போதும் எனக்குக் கை கால் பரபரக்கிறது.

பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் அவருக்குக் ‘கால் டாக்டர்’ என்றுதான் பெயர். அதிலும் ஒரு சிக்கல். அவர் மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் ஆனவர். அதை யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்தால் போதும், யாராவது ஒருவர் கைலியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

“இந்த முட்டியக் கொஞ்சம் பாரும்மா, ராவெல்லாம் குடையுது.”

“நான் அந்த டாக்டர் இல்லப்பா.”

“பரவால்ல, சும்மாப் பாரு லா.”

அவரும் குனிந்து பார்ப்பார். பிறகு, கிளினிக்குக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்பார். நாளைக்கு என்று பதில் வரும். “நாளைக்கு எத்தன மணிக்கு? யாரு கூட்டிட்டுப் போவா?” என்று அடுத்த கேள்வி விழும். அதற்குள் முட்டிக்காரர் கைலியை இறக்கிவிட்டு நழுவியிருப்பார்.

நல்ல வைத்திய முறை என்று புத்தகத்தில் எழுதியிருப்பது ஏன் எங்கள் லயத்து வாசல்வரை வந்து சேர்வதில்லை, என்ன செய்தால் சேரும் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. தொழிற்சாலையில் ஆள்குறைப்பு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, தமிழும் மலாயும் பேசத் தெரிந்த உள்ளூர் ஆள் வேண்டும் என்று யாரோ சொல்லப் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் அவரை டாக்டர் என்பேன், கோபம் வந்தால் வெறும் ‘இங்க பாருங்க’.

அவருடைய குணம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டால் ஆளையே சொன்ன மாதிரி. அவருக்கு ‘ஆமா’ என்ற பதில் மேல் நம்பிக்கையே கிடையாது.

பண்டார் பாருவில் ஒரு கூட்டம். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பாதத்தை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக்கில் வெகுநாளாக ஒரு துண்டறிக்கை கொடுத்துவந்தார்கள். அது எப்படி இருக்கிறது என்று பெண்களிடம் கேட்டார். நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு என்று எல்லாரும் தலையாட்டினார்கள். இவர் சாதாரணமாக அடுத்த கேள்வியைப் போட்டார்.

“கடைசிப் பக்கத்துல அந்த யானப் படம் இருக்கே, அது பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா?”

“ரொம்பப் பிடிச்சுது டாக்டர்.”

“எம் பேத்தி அத வெட்டிச் சொவத்துல ஒட்டி வச்சிருக்கு!”

துண்டறிக்கையில் யானையும் கிடையாது, பூனையும் கிடையாது. காருக்குள் ஏறியதும் அவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஓட்ட முடியாமல் நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத நம்பித்தானக்கா இத்தன வருஷமா அச்சடிச்சிக்கிட்டு இருக்காங்க” என்றார். அப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. “பாவம், மரியாதைக்குச் சொன்னாங்க. அவங்களப் போயி ஏமாத்துறீங்களே” என்றேன்.

“மரியாதைக்குச் சொல்ற ஆமாவ வச்சி என்னக்கா செய்யறது? எங்கப்பா இதே ஊருல மளிகக் கட வச்சிருந்தாரு. அரிசி நல்லா இருக்குன்னு சொன்னவங்க அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிட்டாங்க. கொற சொல்லிச் சண்ட போட்டவங்கதான் கடைசி வரைக்கும் எங்கள விட்டுப் போவல.”

அதனால்தான் என்னோடு சண்டை போடுவது அவருக்கு அவ்வளவு பிடித்தது போலிருக்கிறது.

இனி எதற்காகத் தோட்டம் தோட்டமாக அலைந்தோம் என்று சொல்கிறேன். இனிப்புநீர் முற்றினால் பாதத்து நரம்பு மரத்துப்போகும். ஆணி குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. தெரியாத புண் அழுகி, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயில்களில் ஆண்டுக்கொரு தடவை தீமிதி உண்டு. நெருப்பில் இறங்கி ஏறியவரிடம் சுட்டதா என்று கேட்டால், “சுடவே இல்ல, அம்மா பாத்துக்கிட்டா” என்பார். சுடாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று யாரும் வாயெடுத்ததில்லை. எப்படி எடுப்பது? கோயில் வாசலில் நின்றுகொண்டு அதைப் பேசினால் செருப்பு பறக்கும்.

கால் டாக்டர் அதைப் பேசவில்லை. தீமிதிப்பவர்கள் கோயிலில் காப்புக் கட்ட வரும் நாளில், கோயிலைச் சேர்ந்தவர்களே அவர்கள் பாதத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன என்று மட்டும் கேட்டார். உணர்ச்சி குறைந்தவர்களைக் கோயில் ஆட்களே கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். கிளினிக் கூப்பிட்டு வராதவர்கள் கோயில் சொன்னால் வருவார்களா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

சோதிப்பதற்கு ஒரு சின்ன நைலான் நூல். பிளாஸ்டிக் பிடியில் பொருத்தியிருக்கும். பாதத்தில் வைத்து அழுத்தினால் ஓர் அளவுக்கு மேல் அழுந்தாமல் வளைந்துகொடுக்கும். கண்ணை மூடிக்கொண்டிருப்பவரிடம், படுதா என்று கேட்க வேண்டும். இடையிடையே தொடாமலும் கேட்க வேண்டும். தொடாதபோதும் படுது என்றால், அவர் உணர்ந்து சொல்லவில்லை, ஊகித்துச் சொல்கிறார் என்று அர்த்தம். இந்தத் தொடாத கேள்வி இவர் கண்டுபிடித்ததில்லை, எல்லா ஊரிலும் உள்ள முறைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். எனக்கென்னவோ அது அவர் கூடவே பிறந்த மாதிரித்தான் தோன்றும்.

பல்கலைக்கழகம் ஒரு மெஷினும் வாங்கிக் கொடுத்திருந்தது. பளபளவென்று இருக்கும், பாதத்தை வைத்தால் திரையில் கோடு ஓடும். அது கடைசிவரை கார் பின்பக்கத்தில் என் செருப்புக்கும் குடைக்கும் நடுவில்தான் கிடந்தது. ஏன் அதைப் பயன்படுத்தவில்லை என்று அவருடைய பேராசிரியர் போனில் கேட்பார். “அது நம்ம கூட வரும் சார், நம்ம கூடவே போயிரும்” என்பார் இவர். கோயில் மாதர் குழுவைச் சேர்ந்த பெண்கள் நூலைப் பிடித்துத் தடுமாறும்போது நான் பிடுங்கிச் செய்யப் போனால் என் கையைத் தட்டிவிடுவார். “நீங்களும் நானும் செஞ்சா நல்லாத்தான் வரும். நாம ஊட்டுக்குப் போன பெறவு?” அவர்கள் சரியாகச் செய்யும்வரை, தன் கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருப்பார். ஆர்வத்தில் அவருக்கு அப்படியொரு துடிப்பு.

இவ்வளவு நடைமுறை பார்க்கிறவர் ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக நின்றார். எல்லாக் கோயிலிலும் ஒரே ஆண்டில் செய்யக் கூடாது. பாதிக் கோயில்கள் இந்த ஆண்டு, மீதி அடுத்த ஆண்டு. காத்திருக்கும் கோயில்களில் வழக்கம்போல் கிளினிக் துண்டறிக்கை மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் கோயில் சோதனையால் பலன் உண்டா என்று தெரியுமாம். எந்தக் கோயில் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கோயில்களின் தலைவர்களை எல்லாம் மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கு வரவழைத்து, செம்பில் சீட்டுப் போட்டு, அவர்கள் கையாலேயே எடுக்கச் சொன்னார். எங்கள் ஆட்களுக்குக் குலுக்கல் என்றால் கேட்க வேண்டுமா? லாட்டரி நம்பர் எடுக்கிற மாதிரி ஆரவாரம்.

என் அப்பா இருக்கும் தோட்டத்துக் கோயில் தலைவர் கையை விட்டார். காத்திருக்கும் சீட்டு வந்தது.

அப்பாவுக்கு இனிப்புநீர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் அம்மா பிழைத்த நன்றிக்குத் தீமிதிக்க ஆரம்பித்தவர், ஓராண்டும் விட்டதில்லை. முந்தின ஆண்டு மிதித்துவிட்டு வந்து, “இந்தவாட்டி பூவுல நடந்த மாதிரி இருந்துச்சு பாப்பா” என்று கண்கலங்கினார். அப்போது அவரோடு சேர்ந்து நானும் கும்பிட்டேன். கால் டாக்டரோடு சுற்ற ஆரம்பித்த பிறகு அந்த வார்த்தைக்கு எனக்கு வேறு அர்த்தம் பட ஆரம்பித்தது.

மடப்பள்ளிச் சண்டை அன்றைக்குத்தான்.

“சீட்ட மாத்துங்க. ஒரு கோயில் தானே, யாருக்குத் தெரியும்?”

“மாத்த மாட்டேன்.”

“எங்கப்பா காலு போனா ஒங்க ஆராய்ச்சி திருப்பித் தருமா?”

“அப்பாவ இன்னிக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வரேன். எந்தச் சீட்டும் அதத் தடுக்கல. ஆனா பயப்படுறவங்க கோயில எல்லாம் ஒரு பக்கமாச் சேத்துட்டா, கடைசியில நமக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நல்லதுன்னு நெனக்கிறோம், அவ்வளவுதான். தெரியாது.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அப்பாவிடம் போனோம். அவர் வரமாட்டேன் என்றார். மாத்திரை ஒழுங்காக வாங்கிச் சாப்பிடுகிறேன், காலில் ஒன்றுமில்லை, நெருப்பே தொடாத காலை யார் வந்து பார்ப்பது என்றார். பேச்சு முடிந்துவிட்டது. எங்களுக்குப் பால் விடாத வறக்கொப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார்.

இந்த ஆண்டுச் சீட்டு வந்த கோயில்களில் வேலை அமர்க்களமாக நடந்தது. காப்புக் கட்டுவதற்கு வரிசையில் நிற்பவர்கள் பாதத்தை நீட்டுவதும், மாதர் குழு நூலை வைத்து “படுதா மாமா?” என்பதும், தொடாமல் கேட்டு மாட்டிவிட்டுச் சிரிப்பதும், திருவிழாவோடு திருவிழாவாகக் கலந்துபோயிற்று. யாரோ அதைப் படம் பிடித்து வாட்சாப்பில் போட்டார்கள். அது எல்லாத் தோட்டத்துக்கும் போயிற்று.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் காப்புக் கட்டும் நாளுக்கு முந்தின நாள் அப்பாவே என்னைக் கூப்பிட்டார். குரலில் அப்படியொரு குதூகலம்.

“பாப்பா, நம்ம கோயில்லயும் வச்சிட்டோம் லா! தலைவரே டெஸ்டு பண்ணாரு. எனக்கு எல்லா எடத்துலயும் நல்லா படுது. ஒருத்தருக்குக்கூடக் கொறையே இல்ல!”

சுங்கை பட்டாணியில் ஒரு ரொட்டி சானாய்க் கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“அவங்களாவே ஆரம்பிச்சிட்டாங்களா? யாரும் சொல்லாமயா? அக்கா! ஒருத்தரும் போயி உக்காந்து கேக்காம, அவங்களாவே!”

இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்து உலுக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களுக்கு நாலு நம்பர் லாட்டரி அடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காத்திருக்க வேண்டிய கோயில் காத்திருக்கவில்லை என்றால் அவருடைய ஒப்பீடு பாழ். அது எனக்கே தெரியும். அது பாழாகும் அளவுக்கு அவருடைய யோசனை ஊரில் பிடித்துக்கொண்டது என்று அந்த மனுஷி குதிக்கிறார்!

பிறகு சட்டென்று உட்கார்ந்தார். “என்ன நூலு?”

தலைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை. பக்கத்துத் தோட்டம் செய்கிறது, நாங்கள் என்ன இளைத்தவர்களா என்று, தஞ்சோங் டாவாய்க்கு ஆள் அனுப்பித் தூண்டில் நூல் வாங்கி வந்திருக்கிறார். அதுவும் சும்மா நூல் இல்லை. அம்மன் காரியமாயிற்றே, கடையில் இருப்பதிலேயே உசத்தியாகக் கொடு என்று கேட்டு, பெரிய மீன் பிடிக்கிற, தடித்த, உறுதியான நூலாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்.

“ஈட்டி மாதிரி குத்தியிருக்கும்” என்றார் கால் டாக்டர். “பாதி மரத்த காலுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.”

ரொட்டி ஆறிப்போயிற்று. அப்பா நாளைக்குக் காப்புக் கட்டிவிட்டால் பிறகு அந்த ஆண்டவனே வந்தாலும் அவரை நிறுத்த முடியாது. முன்பாவது காலைப் பற்றிச் சந்தேகம் என்ற ஒன்று இருந்தது. இப்போது அதுவும் போய், கோயிலே நல்ல கால் என்று சொல்லிவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். கடையில் உட்கார்ந்து அழுகிறோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

அவர் பேராசிரியரைக் கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் பேசியதும் எனக்குக் கேட்டது. அந்தக் கோயிலில் நீயே போய்ச் சோதித்தால் அதை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான், இருக்கிற கோயில்களே குறைவு, ஒன்று போனால் உன் முடிவு எதையும் உறுதியாகச் சொல்லாது என்றார் அவர். கடுமையான ஆள் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

“தெரியும் சார். ஆனா நம்மளப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க. நம்ம பேருல ஒரு தப்பான பதிலு ஊருக்குள்ள நடக்குது. அத விட்டுட்டு நான் எத ஒப்பிடறது? போறேன். போனேன்னும் எழுதுவேன்.”

மறுநாள் காலையிலேயே அப்பா தோட்டத்தில் நின்றோம். பந்தல், ஒலிபெருக்கி, மஞ்சள் வேட்டி, வேப்பிலை வாசம். தலைவர் எங்களைப் பார்த்ததும் தன் நூலை ஒரு வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். இவர் அதை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார்.

“நல்லா வலுவா இருக்குண்ணே. நீங்களாவே செஞ்சது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எங்கிட்டயும் ஒரு நூல் இருக்கு. ரெண்டையும் வச்சிப் பாப்போமா? எது நல்லதுன்னு இங்கயே தெரிஞ்சிரும்.”

போட்டி என்றதும் தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒலிபெருக்கியிலேயே அறிவித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்கப்பாவ நிறுத்தச் சொன்னா இப்பவும் ஆராய்ச்சியா?” என்று காதோரம் சீறினேன்.

“ஒங்கப்பாவுக்கு மட்டும் பாத்துட்டுப் போனா, அடுத்த தோட்டமும் தஞ்சோங் டாவாய்க்குத்தானக்கா போவாங்க.”

ஒவ்வொருவருக்கும் இரண்டு நூல். முதலில் தலைவர் அவர் நூலால், பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்து நாங்கள் கூட்டி வந்த மாதர் குழுப் பெண் ஒருத்தி இவர் நூலால். இவர் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் நூலுக்கு எல்லாரும் படுது, படுது என்றார்கள். சின்ன நூலுக்குச் சிலர் பேசாமல் இருந்தார்கள். கூட்டம் நெருங்கி வந்தது.

அப்பா உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலைவர் நூலுக்கு, கோயில் மணி அடித்த மாதிரி வரிசையாகப் படுது என்றார். சின்ன நூல் பெருவிரலில் பட்டு வளைந்தது.

“படுதா மாமா?”

பதில் இல்லை. பாதத்தின் நடுவில் வளைந்தது. பதில் இல்லை. அந்தப் பெண் நூலைக் காற்றில் நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இப்ப?”

“படுது!” என்றார் அப்பா உரக்க.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்தது குதிகால், பதில் இல்லை. மறுபடியும் காற்று.

“படுது, படுது!”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அப்பா கண்ணைத் திறந்தார். நூல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார்.

“நீ தொடவே இல்லியே! ஏமாத்துறீங்களா?”

கால் டாக்டர் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். “ஆமாப்பா, தொடல. அப்ப ஏன் படுதுன்னு சொன்னீங்க?”

அப்பா குனிந்து தன் குதிகாலைத் தானே தடவிப் பார்த்தார். வரிசை முழுக்க அவரையே பார்த்தது. எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாம் போல் இருந்தது.

“படும்னு நெனச்சேம்மா” என்றார் கடைசியில். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப போன வருசம் சுடாம இருந்துச்சே… அது?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இவர் வாயில் என்ன வரப்போகிறதோ என்று பூசாரிகூட மணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“அது எனக்குத் தெரியாதுப்பா. அதப் பாக்க எங்கிட்ட நூல் இல்ல. காலப் பாக்கத்தான் இருக்கு. கால்ல உணர்ச்சி கொறஞ்சிருக்கு. அது மட்டும் உறுதி.”

தெரியாது என்று அவர் சொல்லி ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டபோது அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது.

அப்பா எழுந்து காப்பு வரிசைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல் அவர் வேட்டி முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பவில்லை. முறை வந்தது. கையை நீட்டினார். பூசாரி மஞ்சள் கயிற்றை எடுத்தார்.

“பால்குடத்துக்குக் கட்டு சாமி” என்றார் அப்பா.

நான் சத்தமாக அழுதேன். அது சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் கால் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலைவரிடம் போய்விட்டார். “பால்குடம் எத்தன மணிக்குண்ணே? தார் ரோட்டுல வெறுங்காலா? வெயில் ஏறுனப்புறமா?” அங்கேயே நின்று விடாப்பிடியாகப் பேசி, ஊர்வலத்தை விடிகாலைக்கு மாற்றி, முன்னால் தோட்டத்துத் தண்ணீர் லாரி ரோட்டை நனைத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஏற்பாடு செய்த பிறகுதான் பசியாற வந்தார். அன்று சின்ன நூலுக்குப் பேசாமல் இருந்த மற்றவர்களோடு அப்பாவும் கிளினிக்குக்குப் போனார். மிஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் அவர் குதிகாலில் இருந்து ஒரு செம்பனை முள்ளை எடுத்தாராம். எப்போது குத்தியது என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

ஆராய்ச்சி முடிவைக் கால் டாக்டர் அலோர் ஸ்டாரில் ஒரு மண்டபத்தில் வைத்துச் சொன்னார். என்னையும் கூட்டிப் போயிருந்தார். எடுத்த எடுப்பிலேயே, ஒரு கோயிலை நானே போய் ஒப்பீட்டுக்கு உதவாமல் ஆக்கிக்கொண்டேன், அது இன்ன காரணத்தால் என்று சொன்னார். கோயில் சோதனை நடந்த இடங்களில் அதிகம் பேர் கிளினிக்குக்கு வந்திருக்கிறார்கள், ஆனால் அது சோதனையால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னொரு முறை செய்ய வேண்டும் என்றார். பின்வரிசையில் ஒருவர், இப்படிப் பாதியில் கெட்டதை எதற்குச் சொல்ல வருகிறீர்கள் என்றார். இவர் சரிதான் என்று தலையசைத்து அதையும் குறித்துக்கொண்டார். எனக்கு அந்த ஆளை ஒரு வழி பண்ண வேண்டும் போல் இருந்தது. அப்போது தலைமை மிஸி ஒருவர் எழுந்து, தடித்த நூலுக்கும் சின்ன நூலுக்கும் வித்தியாசம் பார்த்தீர்களே, அதை முதலில் சொல்லுங்கள், எங்கள் பக்கம் கோயில்களிலும் தூண்டில் நூல் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! மேடையை விட்டு இறங்கிப் போய் அந்த மிஸி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுஆண்டு காத்திருந்த கோயில்களுக்கும் சரியான நூல் போயிற்று. அதோடு இங்கே வேலை முடிந்தது. வேறு மாநிலத்துக்கு, வேறு ஏதோ நோய்க்குப் போய்விட்டார். தீபாவளிக்கு வாழ்த்து வரும். நன்றாக இருக்கிறேன் என்று நான் பதில் போட்டால், “உண்மையாவா?” என்று ஒன்று வரும்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு நான் போயிருந்தபோது பந்தலில் நூலோடு உட்கார்ந்திருந்தது அப்பா. மாதர் குழு எவ்வளவு கேட்டும் அந்த நாற்காலியை விட்டுத் தருவதில்லையாம். மேளம் காதைப் பிளந்தது, பிள்ளைகள் பலூனுக்கு அழுதார்கள், வரிசை வாசல் தாண்டி நின்றது. எனக்கு எதற்கு என்று சொல்லியும் கேட்காமல் என்னை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்.

“படுதா பாப்பா?”

“படுதுப்பா.”

“நான் இன்னும் தொடவே இல்ல” என்று அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வரிசையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, இந்த முறை படும்வரை காத்திருந்தேன்.